அப்பா செய்த எஃகுத் துண்டில் என் கைரேகை

பாப்பா என்று கூப்பிட இப்போது ஆளில்லாத வீட்டிலிருந்து, என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டார். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சம்பா அறுவடை முடிந்தது. நெல்லில் ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளாக அம்மா அதைக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அலுப்பு. எனக்கு அலுப்போடு பயமும்.

சாயங்காலம் ரேவதி அக்கா தஞ்சாவூரிலிருந்து வந்தார். ஆய்வுக்கூடத்தில் உங்களோடு வேலை செய்தாரே, அவர்தான். மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு நீங்கள் செய்த வால்வை வேறு ஊர்களிலும் மாட்டியிருக்கிறார்களாம். கரண்ட் போனதும் அது தானே மூடிக்கொள்வதால் உள்ளே வெற்றிடம் கெடுவதில்லையாம். கேட்க நீங்கள் இருந்திருக்கக் கூடாதா?

நாளை பத்து மணிக்கு உங்கள் கடைசி வேலைக்குச் சோதனை. நெல்லை அரைக்காமல், கரைக்காமல், ஒரு மணியை அப்படியே வைத்துச் சூடாக்கினால் போதும், அதிலுள்ள பூச்சிமருந்தைக் கருவி காட்டிவிடும் என்று மணியை வைக்க ஒரு எஃகுத் துண்டு செய்தீர்களே, அதற்கு. நீங்கள் கழுவி, அலுமினியத் தாளில் சுற்றி, பீரோவில் வைத்தபடியே அது இருப்பதாக ரேவதி அக்கா நம்புகிறார். இன்றிரவு இங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுப்போனார்; காலை எட்டு மணிக்கு எடுத்துப்போக வருவார்.

“மேடம், தாளைப் பிரிச்சுடாதீங்க. கை பட்டா போச்சு. மெஷின் மருந்த விட்டுட்டு நம்ம வேர்வையக் காட்டும்.”

“நான் எதுக்கு அதத் தொடப்போறேன்? அது என் சக்களத்தி,” என்றார் அம்மா. “எனக்கு ஒரு டம்ளர் கழுவிக் குடுத்ததில்ல அந்த மனுஷன். அதுக்கு மட்டும் கிளவுஸ் போட்டுக் குளிப்பாட்டுவாரு.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு ரேவதி அக்கா, “நாளைக்குச் சரியா ஓடலன்னா அவ்வளவுதான் மேடம். சார் டிசைன மூட்டை கட்டிடுவாங்க. சோதிச்சுப் பாக்க வர்றவங்க இன்னொரு தடவ வரமாட்டாங்க,” என்றார்.

அப்பா, நான் அதை மூன்று தடவை பிரித்துவிட்டேன்.

உங்கள் சட்டைகளையெல்லாம் துவைத்துவிட்டார்கள். இதிலாவது உங்கள் விரல் பட்டிருக்கும் என்று கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று காலை தலை பின்னிய கையோடு எடுத்தேன். தேங்காய் எண்ணெய்! நீங்கள் வெறுங்கையால் அதைத் தொட்டதே இல்லை என்பது அம்மா சொன்ன பிறகுதான் உறைத்தது. அதில் இருப்பது என் விரல் மட்டும்.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துவிட்டேன். யாருக்கும் தெரியாது, கருவியைத் தவிர. நான் வாயைத் திறக்காவிட்டால் உங்கள் டிசைன் தப்பு என்பார்கள். திறந்தால், பீரோ முன்னால் நான் அழுவது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். “என் பொண்ணு தைரியமா இருக்கா” என்று போனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அப்பா. அதையும் நான் பிடுங்கலாமா?

கழுவிக் காயவைக்க உங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குச் சொன்னால் பிரயோஜனமில்லை.

ஐந்து மணிக்கு அம்மாவை எழுப்பிச் சொல்லிவிடுவேன். அடுத்து ரேவதி அக்காவுக்குப் போன்; சீக்கிரமே வந்து எடுத்துப்போய்க் கழுவட்டும். இது சத்தியம். திட்டட்டும். கழுவும்போது என் ரேகையும் போய்விடும். போகட்டும் அப்பா, உங்கள் வேலை மட்டும் அதில் இருக்கட்டும்.

இனி அதைத் தொடாத உங்கள் மகள்,
தேன்மொழி