பெயர் வெட்டாத தம்ளர்

நேற்றுக் காலை அந்த இரண்டு பித்தளைத் தம்ளர்களையும் ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றிக்கொண்டு பாத்திரக் கடைத் தெருவுக்குப் போனேன். தெரு முனையிலேயே உளிச் சத்தம் கேட்டது. யார் வீட்டுக் கல்யாணச் சீருக்கோ குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பித்தளையின் மேல் டிக், டிக் என்று விழும் அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டேன். உன் பெயரின் முதலெழுத்தை வெட்டியபோது கேட்டதும் இதே சத்தம்தான். அன்றைக்கு நான் அதைச் சிரித்துக்கொண்டு கேட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே அச்சாபீஸில் எழுத்துக் கோத்தவர்கள். உன் எழுத்துப் பெட்டி ஜன்னலோரம், என்னுடையது அதற்கு அடுத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை நீ ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட்டாய். நீ திருவாதவூர்ச் சேரியிலிருந்து வந்தவன். நான் அலங்காநல்லூர்ப் பக்கம் நிலம் உள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளை. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் உனக்கு ஆபத்து என்று உனக்குத் தெரியும். நான் விடவில்லை. “இன்னொரு தடவை ‘ங்க’ போட்டேன்னா, நீ கோத்து வச்ச பக்கத்தையே கலைச்சு விட்டிருவேன்” என்று மிரட்டினேன். அந்த ‘ங்க’வை உன் வாயிலிருந்து பிடுங்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் மை துடைக்கிற துணியை என் மேல் எறிந்து, “போடா, மூஞ்சியத் தொடச்சுக்க. கரிச்சட்டி மாதிரி இருக்க” என்றாய். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அச்சாபீஸுக்கு எதிர்ச் சாரியில் ஒரு காப்பி கிளப் இருந்தது. உனக்கு நினைவிருக்கும், உன்னால் மறக்க முடியாது. அங்கே மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சாதிக்கு இடம், இந்தப் பக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு இடம், உனக்குப் பக்கத்துச் சந்து ஜன்னல். முதல் தடவை உன்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். கல்லாவில் இருந்தவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “கூட வந்திருக்கவரு எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?” நான் வாயைத் திறப்பதற்குள் நீயே சந்துப் பக்கம் போய்விட்டாய். நான் சண்டை போட்டேன். சத்தம் போட்டேன். வெளியே வந்து பார்த்தால் நீ ஜன்னலோரம் காப்பியைக் குடித்து முடித்திருந்தாய்.

“என்னடா, அவங்கிட்டப் போய் வாங்கிக் குடிச்சிருக்க?”

“காப்பி மேல எனக்குக் கோவம் இல்ல. அதுல வறுத்த கொண்டக்கடலயக் கலந்திருக்கான், அதான் கோவம்” என்றாய்.

காப்பியைப் பற்றி அந்தக் கல்லாக்காரருக்கு என்ன தெரியும்! திருவாதவூருக்கு வருமுன் நீ மலைத் தோட்டத்தில் பிறந்தவன். உன் அம்மா இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறித்தவர். பறித்தவர் மகன் சந்தில் நிற்கிறான், கொண்டைக்கடலை கலக்கிறவன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கோபத்தில்தான் சொன்னேன்: “இனிமே அவன் கடை வேண்டாம். நம்ம ரூமுல நாமே போடுவோம். ஒரு குறையும் இல்லாம, எல்லாச் சாமானும் வாங்கிப் போடுவோம். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து குடிப்போம்.”

வைகைக்கு வடகரையில் பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வளவில் கடைசி அறை என்னுடையது. சாமான் வாங்க நாம் அலைந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. மேசையில் திருகி மாட்டுகிற அரைக்கும் மிஷின் ஒன்று பழைய சாமான் கடையில் இருந்தது. பளபளப்பைப் பார்த்து நான் எடுத்துவிட்டேன். நீ அதை வாங்கி, வெறுமனே நாலு சுற்றுச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டாய். “பல்லு தேஞ்சு போச்சு. இது அரைக்காது, நொறுக்கும். பாதி மாவு, பாதி குருணை. மாவு கசக்கும், குருண வெந்நிக்கு வளைஞ்சே குடுக்காது” என்று திருப்பி வைத்தாய். மூன்றாவது கடையில் துருப்பிடித்த ஒன்றை எடுத்தோம். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுத் தேய்த்து, பழைய அரிசியை இரண்டு தரம் அரைத்துக் கொட்டி, அந்த வாடையைப் போக்கினாய். “மெதுவாச் சுத்து. மிஷின் சூடானா பொடி செத்துப்போகும்” என்று என் கையைப் பிடித்து நிறுத்துவாய். வறுப்பதற்கு அடி கனத்த இரும்புச் சட்டிதான் வேண்டும் என்றாய். லேசான சட்டி வெளியே கருக்கிவிட்டு உள்ளே பச்சையாக விட்டுவிடும் என்று நீ சொன்னபோது, நம் ஊர்ச் சீர்திருத்தக்காரர்களைத்தான் சொல்கிறாயோ என்று நினைத்தேன். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாயோ என்று இப்போது தோன்றுகிறது.

பில்டருக்குத்தான் பாத்திரக் கடைத் தெருவில் அரை நாள். ஒவ்வொன்றின் மேல் பாத்திரத்தையும் வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டைகளைப் பார்த்தாய். “கண்ணு பெருசா இருந்தா தண்ணி இறங்கும், டிக்காஷன் இறங்காது” என்றாய். உள்ளே பூசிய ஈயத்தை நகத்தால் சுரண்டினாய். ஈயம் சரியாக ஒட்டாவிட்டால் காப்பியில் பித்தளைக் களிம்பு ஏறிவிடும் என்றாய். பிறகு கடைக்காரரிடம் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றி, சொட்டு விழுவதைக் கவனித்தாய்.

“தம்பி வாங்க வந்தீகளா, பரீட்சை வைக்க வந்தீகளா?” என்றார் அவர்.

“பாஸாயிருச்சுண்ணே, கட்டுங்க” என்றாய்.

ஒரே அளவில், ஒரே கனத்தில் இரண்டு தம்ளர்களும் எடுத்தோம். கடைக்காரர் உளியை எடுத்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “என்ன பேரு வெட்டணும்?”

நீ உடனே சொன்னாய்: “பேரு வேண்டாம்ணே. சும்மா குடுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. வெண்கலத்திலும் பித்தளையிலும் பெயர் வெட்டிக்கொள்ள எங்கள் ஆட்களுக்குத்தான் உரிமையா? உன் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டாமா? ஒன்றில் என் ‘க’, ஒன்றில் உன் ‘ப’ என்று நான்தான் சொன்னேன்.

“அண்ணன் தம்பியா?” என்றார் கடைக்காரர். “வெட்டிக்கிறது நல்லதுதான். நாளைக்குப் பாகம் பிரிச்சா வம்பு இல்ல பாருங்க.”

வெளியே வந்ததும் நீ சொன்னது இவ்வளவுதான். “அச்செழுத்துல யாராவது பேரு வெட்டுவாங்களாடா? கோத்தா வரிக்குள்ள போகும், பிரிச்சா பெட்டிக்குப் போகும். பேரு வெட்டுனாத்தான் எது யாருதுன்னு தெரிஞ்சுபோகும்.” எனக்கு அது உன் கூச்சமாகப் பட்டது. தட்டிக் கொடுத்துச் சிரித்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

பதினோரு ஞாயிற்றுக்கிழமை நாம் உட்கார்ந்து குடித்தோம். பதினோராவது ஞாயிறன்று வீட்டுக்காரர் என்னை வாசலில் நிறுத்தினார். “உங்களத் தேடி வர்றவரு எந்தத் தெருக்காரருன்னு விசாரிச்சுட்டேன். வளவுல நாலு குடும்பம் இருக்கு. கிணறு ஒண்ணு. யோசிச்சுக்கங்க” என்றார். நான் உன்னிடம் இதைச் சொல்லவில்லை. அவர் என் அம்மாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினார். அம்மா வெள்ளிக்கிழமையே வந்து இறங்கிவிட்டாள். தங்கைக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். அவள் அழவில்லை, கத்தவில்லை. அலமாரியைத் திறந்தாள், தம்ளர்களை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். ‘ப’ இருந்த தம்ளரை ஒரு துணியால் பிடித்து, வெளியே துணி துவைக்கிற கல்லுக்கு மேலே சுவர் மாடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

நான் கத்தினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: “நான் என்ன அந்தத் தம்பிய வராதேன்னா சொன்னேன்? வரட்டும், குடிக்கட்டும். அவுக தம்ளர் அவுகளுக்கு, உன் தம்ளர் உனக்கு. நீதானடா பேரு வெட்டி வச்சிருக்க.”

அதுதான் உண்மை. கிளப்காரன் சந்தில் வைத்ததை நான் உளி வைத்து என் அறைக்குள் கொண்டுவந்திருந்தேன். அம்மா போனதும் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வராதே என்று உன்னிடம் சொல்லவும் தைரியம் இல்லை. வந்தால் அம்மாவிடம் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.

நீ வந்தாய். பில்டரில் டிக்காஷன் சொட்டிக்கொண்டிருந்தது. வளவுக்குள் நுழையும்போதே நீ மாடத்தைப் பார்த்துவிட்டாய். கவிழ்ந்திருந்த தம்ளரில் உன் எழுத்து தலைகீழாக இருந்தது. தலைகீழ் எழுத்து படிக்கிறதுதானே நம் பிழைப்பு. உனக்குப் படிக்க ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

“வாங்க தம்பி” என்றாள் அம்மா. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. “உங்க தம்ளரு அங்கனக்குள்ள இருக்கு. கழுவி எடுத்துக்கங்க.”

நான் நிலைப்படிக்கு உள்ளே நின்றேன். என் கையில் என் தம்ளர். வளவில் மற்ற வீட்டுக் கதவுகளெல்லாம் அரை அரையாகத் திறந்திருந்தன. நீ என்னைப் பார்த்தாய். என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பில்டர் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் குனிந்து என் காப்பியைக் குடித்தேன்.

நீ போய்த் தம்ளரை எடுத்தாய். கழுவினாய். வாசலுக்கு வெளியே நின்று நீட்டினாய். அம்மா கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றினாள். நீ நின்றுகொண்டே குடித்தாய், மறுபடி கழுவினாய், இருந்த இடத்தில் கவிழ்த்தாய். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய்:

“காப்பி நல்லாயிருந்துச்சுங்க. வாரேங்க.”

மூன்று மாதம் பாடுபட்டுப் பிடுங்கியதை ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

அதன்பிறகு அச்சாபீஸில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் நின்று, “அந்த ஒற்றைக் கொம்பு கொஞ்சம் குடுங்க” என்று நீ கேட்கும்போதெல்லாம் என் காது எரியும். மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ காய்ச்சலோடு ஊருக்குப் போனாய். எட்டாம் நாள் உன் தம்பி வந்து, உன் பெட்டிக்கு முன்னால் நின்று அழுதான்.

திருவாதவூருக்கு வந்தேன். உன் வீட்டில் உன் அம்மா என்னை உட்காரச் சொல்லத் தயங்கினார். நானே உட்கார்ந்தேன். அவர் சட்டியில் காப்பித் தூளைக் கொதிக்க விட்டு, இறக்கி மூடி, தெளியவைத்து, துணியில் வடித்தார். பில்டர் கிடையாது, மிஷின் கிடையாது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு அலுமினியக் குவளை. “எங்க வீட்டுல எல்லாரும் குடிக்கிறது இதுலதான். நீங்க குடிப்பீங்களா?” என்றார். குடித்தேன். நீ இரும்புச் சட்டியில் வறுத்த காப்பியின் மணம் அப்படியே இருந்தது. குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் எந்த எழுத்தும் இல்லை. அவர் அதைக் கழுவி, உன் தம்பிக்கு அதிலேயே ஊற்றினார்.

அதனால்தான் நேற்று பாத்திரக் கடைக்குப் போனேன். அதே கடைக்காரர்தான். “பேர அழிக்கணுமா? எதை?” என்றார். “ரெண்டையும்” என்றேன். “என்ன தம்பி, பாகம் பிரிச்சாச்சா?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அரத்தை வைத்து ராவினார். முதலில் என் எழுத்து போனது, பிறகு உன்னுடையது. நீ கேட்டதைச் செய்ய உன் பெயரையே அழிக்க வேண்டியிருந்தது. மெருகு போட்டு ஈயம் பூசித் துணியில் உருட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தபோது எது உன்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டிலும் ஒரே இடத்தில் விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு சிறு பள்ளம்.

இன்று காலை அம்மா வந்தாள், தங்கை கல்யாணத்துக்கு நாள் குறித்ததைச் சொல்ல. மிஷினை மெதுவாகச் சுற்றினேன். இரண்டு தம்ளரிலும் காப்பி ஊற்றி முன்னால் வைத்தேன். அவள் ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், பிறகு மற்றதை.

“இதுல எதுடா அது?”

“எது?”

“அதான்... அந்தத் தம்பியோடது.”

“தெரியாதும்மா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கை நீளவில்லை. மாடத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வளவில் ஒரு கதவு திறந்தது.

“வெளிய வைக்கணும்னா ரெண்டையும் சேர்த்து வை” என்றேன்.

அவள் எதையும் எடுக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. காப்பி ஆறி ஏடு கட்டிவிட்டது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ வாசலில் நின்று காத்திருந்தது இதற்குத்தான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. மொத்தம் ஐந்து சொல். எழுத்துக் கோத்தால் ஒரு வரிகூட நிரம்பியிருக்காது.