நான்காம் ஏட்டை எவரும் படிக்கவில்லை

திரு நிலைக்க. வெண்கழி நாடாளும் பெருந்திரைக்கோ மன்னர்பிரானின் கலத்துறை அமைச்சன் நிம்பன் காரி, புன்னைத்துறைக் காவலர் பூதன் வெற்பனார்க்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் நிறைக, வலைகள் கனக்க, உம் மனையும் மக்களும் நலமுறுக. எம் நலம் கேளாதீர். சொல்லும் நிலையில் யாம் இல்லை.

கடலில் மணல்திட்டுகள் எம்மாதத்தில் எப்பக்கம் நகரும் என்று பன்னிரண்டு ஆண்டு படகேறி அளந்து யாம் எழுதிய ‘திட்டுவழி’ என்னும் பதினான்கு ஏட்டு நூலை நீர் அறிவீர். அறியாதார் இந்நாட்டில் இலர். அவ்வாறு ஆக்கியவர் யாமே. புகழாசை எம்மை விடவில்லை. பதினெட்டுப் புலவரிடம் சிறப்புப்பாயிரம் கேட்டு வாங்கினோம்; அவருள் கடலைக் கண்டவர் இருவர். பாயிரங்களே முப்பது ஏடுகளாகி நூலுக்கு முன்னே நின்றன. பட்டில் சுற்றி, யானைமேல் ஏற்றி, முரசறைந்து துறைக்கு ஒன்றும் அதன் தலைமைக் கலத்துக்கு ஒன்றுமாக அனுப்பினோம். உம் ஊரார் பூரணகும்பத்துடன் எதிர்கொண்டனர் என்று கேட்டு மூன்று நாள் மகிழ்ந்திருந்தோம். இன்று நினைக்க வெட்கமாயிருக்கிறது.

இவ்வானித் திங்களில் ஆமைத்திட்டில் மோதி உடைந்த உம் துறைத் தலைமைக் கலத்தை ஓட்டிய மீகாமன் ஆதனாரை அழைத்து, நூல் கலத்தில் இருந்ததா என வினவினோம். பாய்மரத்தடியில் பீடமிட்டு நாள்தோறும் பூவும் புகையும் காட்டியதாகச் சொன்னார். படித்தீரா என்றோம். மீன்நாற்றக் கையால் தொடலாகுமோ என்று அஞ்சியதாகவும், ஒருமுறை துணிந்து அவிழ்த்தபோது ஏட்டுக்கு ஏடு அமைச்சர் பெருமானின் புகழே வந்ததாகவும், ஒன்பதாம் ஏட்டில் கைசோர்ந்து கட்டி வைத்துவிட்டதாகவும் உரைத்தார். ஆமைத்திட்டு ஆனியில் வடக்கே வளரும், தெற்கே ஒதுங்கிச் செல்க என்பது எம் நூலின் நான்காம் ஏடு. கலம் வடக்கே சென்றது. நால்வர் மீளவில்லை.

யாரை நோவது? ஊரெல்லாம் முரசறைந்து நூலைச் சாமியாக்கிவிட்டு, படிக்கவில்லையே என்று சினப்பது எந்த நியாயம்? ஆயினும் சினம் வருகிறது, உம்மீதும் வருகிறது. துறைக் காவலர் அனைவரும் நூல் அருமை என்று மறுமொழி விடுத்தீர்கள். எது அருமை என்று ஒருவரும் எழுதவில்லை. துறை காக்கும் நீராவது கட்டை அவிழ்த்திருக்கலாகாதா?

ஆனி முடியுமுன் உம் துறையினின்று ஏழு கலங்கள் அவ்வழியே செல்ல இருப்பதாக அறிந்தோம். ஆதலின் இவ்வாணை. உம் துறையிலுள்ள நூலைப் பீடத்தினின்று இறக்குக. பாயிரம் முப்பதையும் உருவி அடுப்பில் இடுக. புலவர்க்கு யாம் பதில் சொல்லிக்கொள்வோம். முதல் ஏட்டிலுள்ள எம் பெயரைச் சுரண்டி எடுக்க. எஞ்சியதைக் கலத்துக்கு ஒரு படியாக எழுதிக் கொடுத்து, மீகாமர் அனைவரையும் துறைமேட்டில் அமர்த்தி உரக்கப் படித்துக் காட்டுக. ஈரக்கையால் தொடட்டும், மீன்நெய் படட்டும். ஏடு முறிந்தால் வேறு எழுதிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு படியிலும் நான்காம் ஏட்டின் தலையில் அந்நால்வர் பெயரைப் பொறிக்க. படிப்பவர் அங்கே சற்று நிற்பர். அப்பெயர்கள் எமக்குத் தெரியா. எம் பெயரை நாடறியச் செய்த யாம், மீகாமன் எம் எதிரே நின்றபோதும் அவற்றைக் கேட்க மறந்தோம். நீரே அவர்தம் மனைகளுக்கு நடந்து சென்று கேட்டு வருக.

நால்வர் பெயரும் எழுதப்பெறும் வரை எக்கலமும் துறை நீங்கலாகாது. மன்னர்பிரான் பெயரால் நங்கூர முத்திரை இட்டோம்.