நடுக்கோட்டில் வைத்த தாடை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறானே, என்ன குண்டைத் தூக்கிப் போடப் போகிறானோ என்று பயந்திருப்பாய். பயப்படும்படிதான் இருக்கிறது. போனில் என்றால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை உனக்குத் தெரியாதா?

இங்கே அண்ணிக்கு முழங்கால் வலி தேவலை. மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நானே சரிசெய்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, சொட்டிக்கொண்டிருந்ததைக் கொட்ட வைத்துவிட்டேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் நீ சொன்னதிலிருந்து தூக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை இப்போதெல்லாம் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்றாய். "என் சமையல் பிடிக்கலையா, இல்ல என்னையே பிடிக்கலையாண்ணா?" என்று அழுதாய். "பழகிடும்மா, தாடை செட் ஆக டைம் எடுக்கும்" என்றேன். பச்சைப் பொய். உன் சமையலிலும் குறையில்லை, அவர் மனசிலும் குறையில்லை. தப்பு என் கையில்.

ஏணியிலிருந்து விழுந்து, கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்து என் ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, அன்று வேறு யாரும் தொடக்கூடாது, நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்தேன். உடைந்த தாடையைச் சேர்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எலும்பை இல்லை, பல்லை. நாற்பது வருஷம் மென்ற பல்லில் தேய்ந்த இடங்கள் இருக்கும். மேல்பல்லில் தேய்ந்ததும் கீழ்ப்பல்லில் தேய்ந்ததும் ஒன்றோடொன்று உட்கார்ந்த பிறகுதான் இரண்டையும் கம்பியால் கட்டி, எலும்பில் தகடு வைத்துத் திருகாணி முடுக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்கே இது தெரியும்.

மாப்பிள்ளைக்குத் தாடை பிறவியிலேயே இடப்பக்கம் ஒதுங்கியது. உன் கல்யாணத்தன்று "கோணவாய் மாப்பிள்ளை" என்று பேர் வைத்துக் கூட்டத்தையே சிரிக்க வைத்தவன் நான்தானே. பாவம், அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவர் மயக்கத்தில் கிடந்தபோது எனக்கு ஒரு கிறுக்கு ஆசை. உடைந்ததுதான் உடைந்தது, நேராக்கிவிட்டால் என்ன? உன்னைக் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. தாடையை முகத்தின் நடுக்கோட்டுக்கு இழுத்துக் கட்டினேன். இருபது வருஷமாக என்னோடு ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற நர்ஸம்மா, "டாக்டர், தேஞ்ச இடம் ஒண்ணோட ஒண்ணு உக்காரலையே" என்று மெல்லச் சொன்னார். "கேட்டதைக் குடுங்க, போதும்" என்று எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்தேன். எலும்பின் விளிம்பில் சின்ன இடைவெளி தெரிந்தது. அதன்மேல் தகட்டை வைத்து மூடினேன்.

பத்தாம் நாள் கம்பியை அவிழ்த்துக் கடிக்கச் சொன்னேன். வலப்பக்கம் இரண்டு பல் மட்டும் தட்டியது. இடப்பக்கம் பல்லிடுக்கில் வைத்த காகிதம் இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அன்றே திறந்திருந்தால் சுலபமாகச் சரிசெய்திருக்கலாம். "எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்றேன். "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும் மச்சான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குள் நாலு மாதம் ஒளிந்துகொண்டேன். சீ, அதோடு விட்டேனா? அடுத்த வாரமே டாக்டர்கள் கூட்டத்தில் நேராக்கிய தாடையின் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் கைதட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை நர்ஸம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். ஆபரேஷனுக்கு முன் எடுத்த மாப்பிள்ளையின் பல் அச்சுகள். தூக்கிப் போடச் சொல்லியிருந்தேன், அவர் போடவில்லை. மேல் அச்சையும் கீழ் அச்சையும் சேர்த்துப் பிடித்தேன். கோணலாகத்தான் உட்கார்ந்தது, ஆனால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. நாற்காலியில் சரிந்து அழுதுவிட்டேனம்மா.

ஆஸ்பத்திரித் தலைவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது எலும்பு கூடிவிட்டதால் மறுபடி வெட்டித்தான் வைக்க வேண்டும். என்னோடு படித்த சோடாபுட்டியிடம் அச்சுகளைக் கொடுத்திருக்கிறேன். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அந்த எரிச்சலில்தான் இத்தனை வருஷம் அவனோடு பேசாமல் இருந்தேன். செய்து தருகிறேன் என்கிறான். நான் கத்தியைத் தொடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து மாப்பிள்ளையிடம் நானே சொல்கிறேன். அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆபரேஷன் அன்று வெளியே உன் பக்கத்து நாற்காலியில் உட்காரலாமா? வேண்டாம் என்றால் வாசலோடு நின்றுகொள்கிறேன், நீ சங்கடப்படாதே.

அவர் உங்கள் எல்லோரோடும் உட்கார்ந்து வாய் நிறைய மென்று சாப்பிட வேண்டும். நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தக் கோணல் சிரிப்பை நான் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

இன்னமும் அப்படிக் கூப்பிடுவாய் என்ற ஆசையில்,
அண்ணன்