டீத்தண்ணீரில் முக்கிய சேலை

போடி,
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மகள் பிரின்சிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே சுகம். போனில் சொல்லியிருக்கலாம், உன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே அப்பா கடைத் துணியை எடுத்து அளக்க ஆரம்பித்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

நீ துணிமணி பார்க்கிற கூடலூர் படப்பிடிப்புக்கு, நீ கேட்டபடி என் வெள்ளைக் கல்யாணச் சேலையைக் கொடுத்தேன். புருஷனை இழந்தவளுக்கு வெள்ளை, சுற்றி நிற்பவர்களுக்குச் சிவப்பும் பச்சையும், அப்போதுதான் அவள் தனியாகத் தெரிவாள் என்றாய். ஆலயத்துக்கு நான் கட்டிப்போன சேலை அங்கே தாலியறுத்தவளுக்குப் போனது. சேலைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். சுத்த வெள்ளை கேமராவில் கூசும் என்று அதை நீ டீத்தண்ணீரில் முக்கினாய் பார், அதுதான் பொறுக்கவில்லை. சேலை வந்ததும் இரண்டு முறை அலசியும் பழைய வெள்ளை திரும்பவில்லை.

போன மாதம் உன் பாண்டீஸ்வரனின் அம்மா சங்கிலியம்மாள் ஆண்டிபட்டியிலிருந்து வந்து, "வெள்ளச் சேலையிலயா மருமகள மணவறையில உக்கார வப்பாக?" என்று அழுதார். "நம்ம வீட்டுப் பொண்ணு வெள்ளையிலதான் நிப்பா" என்று அப்பா எழுந்து போனார். யாருமே வேண்டாம், சென்னையில் பதிவு செய்துகொள்கிறோம் என்று நீயும் போனை வைத்துவிட்டாய். ஊருக்கெல்லாம் நிறம் பார்த்துக் கொடுப்பவள், உனக்கென்று ஒரு சேலை எடுக்க முடியவில்லை. எனக்கு உன்மேல் கோபம்தான். அழவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கிலியம்மாள் மறுபடி வந்தார். சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. முந்தானையைப் பிடித்துப் பார்த்து, "இந்தச் சந்தனக் கலர் எங்கன எடுத்தீக? மங்களகரமா இருக்கே, மருமகளுக்கு எடுப்பா இருக்கும்" என்றார். என் சேலை என்று மட்டும் சொன்னேன். சினிமாவில் அதை எதற்குக் கட்டினார்கள் என்று சொல்லவில்லை. நீயும் பாண்டீஸ்வரனும் சொல்லவேண்டாம். படம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் அதையே அப்பாவிடம் காட்டினேன். அவரே அன்று தேடி எடுத்த சேலை. கரையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "வெள்ளதானே" என்றார். நாற்பது வருஷம் துணி விற்றவருக்கு அது வெள்ளை இல்லை என்று தெரியாதா?

நேற்றுக் கடையிலிருந்து வரும்போது ஒரு ரவிக்கைத் துணி கொண்டுவந்து சேலைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நல்ல சிவப்பு. பக்கத்தில் வைத்தால்தான் நிறம் தெரியும் என்பாயே, தெரிந்தது.  இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.

உன் பழைய ரவிக்கை அளவு என்னிடம் இருக்கிறது. ஆனால் இளைத்திருப்பாய். பதிவு ஆபீஸ் தேதியைத் தள்ளி வைத்துவிட்டு வந்து அளவு கொடு. பாண்டீஸ்வரனையும் கூட்டிக்கொண்டு வா.

உன் போக்கிலும் வரவிலும் கர்த்தர் துணையிருப்பார். இத்தனை நாள் போக்கைப் பார்த்துக்கொண்டார். இனி வரவைப் பார்க்கட்டும்.

அம்மா,
சுகிர்தம்