மிதித்தால் நின்றுவிடும் சத்தம்

மே 8, புதன்
கத்திரி வெயில். தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.
காலையில் வண்டியை லஸ் வரை எடுத்தேன். கிளட்ச் பக்கம் ஒரு சத்தம். அம்மியில் அரைக்கிற மாதிரி. ரிலீஸ் பேரிங்தான், வேறென்ன. முன்பு ஒருமுறை நானே மாற்றியிருக்கிறேன், புத்தகத்தைப் பார்த்து.
சாயங்காலம் ரகு ஆரம்பித்துவிட்டான். வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டினால் எங்களுக்குக் கார் நிறுத்த ஒரே இடம். என்னுடைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரா, அவனுடைய புது மாருதியா? அடையாறு டாக்டர் ஒருவர் என் வண்டியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.
"சின்ன ரிப்பேர்னா நீயே வெச்சுக்கோப்பா. என் வண்டியை நான் தெருவில விட்டுக்கறேன். கியர் பாக்ஸே போயிருந்தா? பார்ட்ஸுக்கு லண்டன் போவியா?"
"கியர் பாக்ஸ்னா நானே சாவியைக் கொடுத்துடறேன்டா."
மைதிலி சாட்சி. நாங்கள் பெற்ற பிள்ளைக்கு ஆயில் எங்கே ஊற்றுவது என்று தெரியாது. பேச மட்டும் தெரியும்.

மே 9, வியாழன்
வாங்க வேண்டியது: மைதிலிக்கு பி.பி. மாத்திரை, கிரீஸ், நல்லெண்ணெய்.
கே.கே. நகரிலிருந்து ஒரு மெக்கானிக். பெயர் செல்வம். ரகு அழைத்து வந்தான், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். அந்த செல்வத்துக்கு பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியவில்லை. காதை வைத்தான், எடுத்தான்.
"ரிலீஸ் பேரிங்கு சார். இஞ்சினை இறக்கி மாட்டிட்டா முடிஞ்சுது. இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு கீறீங்க?"
நேற்று நான் சொன்னதும் அதேதான். அவன் சொன்னால் ரகுவுக்கு வேதம்.
"அப்புறம் என்னப்பா? வண்டி உனக்குத்தான்."
பிச்சை போடுகிற குரல்.

மே 11, சனி
காற்றே இல்லை. இருமுறை கரண்ட் போனது.
செல்வம் நாளை வருகிறான். இன்ஜினை இறக்குமுன் ஒரு சோதனை உண்டு. அவன் செய்திருக்க வேண்டியது, செய்யவில்லை. கிளட்சை மிதித்தால் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் நின்றால் கியர் பாக்ஸ் உள்ளே முன் பேரிங். இவ்வளவுதான்.
மிதிக்க ஆள் வேண்டும். மைதிலியை உட்கார வைத்தேன். இத்தனை வருஷத்தில் டிரைவர் சீட்டில் முதல் முறை. ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை கியர் பாக்ஸ் மேல் ஊன்றிக் கேட்டேன். இன்ஜின் ஓடுகிறது, நியூட்ரல். அரைத்தது.
"மிதி."
நின்றது.
"விடு."
அரைத்தது.
"நின்னுடுத்தே! அப்போ நல்லதுதானே?" என்றாள்.
விளக்கினேன்: கியர் பாக்ஸ், அப்படியென்றால் சாவி ரகுவுக்கு. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.
"நீங்க வாயை மூடிண்டு இருங்கோ. அந்த மெக்கானிக் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."
புதன்கிழமை நான் சொன்னதும் தப்புதான். ஆனால் நான் சோதித்தேன்.

மே 12, ஞாயிறு
செல்வம் புது பேரிங்கோடு வந்தான். மைதிலி கதவருகில் நின்று கண்ணைக் காட்டினாள். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் வண்டி எனக்கு.
பேசினேன். மிதித்துக் காட்டினேன், மூன்று தடவை.
"அதெல்லாம் புக்குல போட்டுக்கினு இருப்பான் சார். நாங்க எத்தினி வண்டி பாக்குறோம்!"
ரகு: "விடேம்ப்பா. அவர்தான் ரிலீஸ் பேரிங்னு சொல்றாரே. அப்படியே இருக்கட்டுமே."
அவனும் தெரிந்துதான் சொன்னான் என்று நினைக்கிறேன். எனக்கு விட்டுக்கொடுக்கிறானாம். இவன் யார்? தப்பாகச் சொன்னவன் தயவில் வண்டி ஓட்டமாட்டேன். கியர் பாக்ஸ் என்றேன், சாவியைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். மைதிலி உள்ளே போய்விட்டாள்.

மே 15, புதன்
மழை வருகிற மாதிரி இருட்டி, ஏமாற்றியது.
வண்டியை வாங்கிய அடையாறு டாக்டர் வரவில்லை. டிரைவரை அனுப்பியிருந்தார். கூட செல்வம், இப்போது அவருக்கு வேலை செய்கிறானாம். வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார்கள். டிரைவரிடம் தெளிவாகச் சொன்னேன்: முன் பேரிங், கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். தலையாட்டினான்.
கேட்டைத் தாண்டியதும் செல்வத்தின் குரல்:
"ரிலீஸ் பேரிங்குதான் நைனா. பெருசு அது பாட்டுக்கு இன்னாவோ சொல்லிக்கினு கீது."
இருவரும் சிரித்தார்கள்.
டாக்டர் வீட்டு ஃபோன் நம்பரைக் கேட்டேன். ரகு தர மாட்டேன் என்கிறான்.