உன் முகம் யாருக்கெல்லாம் தெரியலாம்

ஒளித்து வைப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரியான என் ரிஸ்வானாவுக்கு,

இது உன் பெயர் இல்லை. உன் பெயர் வெளியே வரக் கூடாது என்று மாற்றியிருக்கிறேன். படித்தால், "ஏண்டி, இதவிட நல்ல பேரே கெடைக்கலியா" என்றுதான் முதலில் கேட்பாய். வேறு பெயர் யோசிக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. இருக்கட்டும்.

மகி தூங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் ஆலைக்கு ஷிப்டு போயிருக்கிறார். அரியலூரில் கொசு குறைந்துவிட்டது என்கிறார்கள். நான் இன்னும் பகலில்கூட வலை கட்டித்தான் அவளைப் படுக்க வைக்கிறேன். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தே அவளை எழுப்பிவிடுகிறேன். நீ போனதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. அவள் நெற்றியைப் பார்க்கிறேன், பிறகு போனைப் பார்க்கிறேன். நாள் போய்விடுகிறது.

போனில் தேடுவது உன் முகத்தை. பார்ப்பதற்காக இல்லை, அழிப்பதற்காக.

கல்லூரி முதலாண்டு விழாவில் எவனோ உன்னைப் படம் எடுத்து ஒரு பக்கத்தில் போட்டது ஞாபகம் இருக்கிறதா? கீழே என்னென்னவோ எழுதியிருந்தார்கள். நீ அழவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. மூன்று நாள் கம்ப்யூட்டர் லேப்பில் உட்கார்ந்து அதை எடுக்க வைத்தாய். அதற்குப் பிறகு முகநூலில் உன் முகப்புப் படம் ஒரு டிபன் பாக்ஸ். யாராவது கேட்டால், "அதுக்குள்ளதான் இருக்கேன்" என்பாய். உன் வீட்டில் யாரும் உன்னை மறைக்கச் சொல்லவில்லை. "என் மூஞ்சி. நான் காட்டறவங்களுக்குத்தான்." நீயே போட்டுக்கொண்ட சட்டம் அது.

மகி பிறந்த அன்று நான் அவளைப் படம் எடுத்துப் போட்டேன். பத்து நிமிஷத்தில் உன் போன். நான் பெற்றெடுத்ததற்கு ஒரு வாழ்த்துகூட இல்லை.

"டீ தேனு, புள்ள கையில கட்டியிருக்கற சீட்டுல ஆஸ்பத்திரி பேரு, வார்டு, உன் பேரு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. மொதல்ல எடு."

"நாலு சொந்தக்காரங்க பாக்கட்டுமேன்னுதான்."

"நாலு பேரா? உருண்டை போட்டு வச்சிருக்க. ஊர் உலகமே பாக்கும்."

பதிவின் மேல் இருக்கும் உலக உருண்டையைச் சொன்னாய். எல்லோருக்கும் என்று அர்த்தம். இரண்டு ஆள் படம் இருந்தால் நண்பர்களுக்கு. பூட்டு இருந்தால் எனக்கு மட்டும். மறு வாரம் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ் மாறி வந்து, என் பக்கத்தில் படுத்துக்கொண்டு என் கணக்கைச் சுத்தம் செய்தாய்.

"உன் லிஸ்ட்ல ஒரு மாடு இருக்குடி."

"அது குன்னத்துச் சித்தப்பா. ஜல்லிக்கட்டு மாட்டு படம் வச்சிருக்காரு."

"சித்தப்பாவா மாடான்னு தெரியாதவங்களுக்கெல்லாம் புள்ளயக் காட்டாத."

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாய். கடைசியாக எந்த வட்டத்துக்குப் பதிவு போட்டோமோ அடுத்த பதிவுக்கும் அதுவேதான் நிற்கும், நாமாக மாற்றினால்தான் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் பார் என்று. நான் தலையாட்டினேன். தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன்.

ஐப்பசியில் உன்னைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு என்றார்கள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. பி நெகட்டிவ் ஆள் வேண்டும் என்று உன் அத்தா எனக்குத்தான் போன் செய்தார். நான் எழுதிப் போட்டேன். உன் பெயர் போடவில்லை, இருபத்தாறு வயதுப் பெண் என்று மட்டும். யார் கண்ணிலாவது படட்டும் என்று உருண்டையை வைத்தேன். ஜெயங்கொண்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துப் போனார்களாம்.

மூன்றாம் நாள் காலை உன் அத்தா பேசினார். "தேனு, போயிட்டாம்மா." அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் போனில் உன்னுடைய படம் ஒன்றே ஒன்று இருந்தது. திருமழபாடியில் நம் வகுப்புத் தோழி கல்யாணம் முடிந்து கொள்ளிடக் கரைக்கு நடந்தோமே, அப்போது எடுத்தது. காற்று உன் தலைத்துணியை இழுத்துக்கொண்டு போனது. நீ அதைத் துரத்தாமல் நின்று சிரித்தாய். "உன் போன்ல மட்டும்தான் இருக்கணும்" என்றாய். நான்கு வருடம் இருந்தது.

அந்தப் படத்தை எடுத்து, கறுப்புக் கரை கட்டி, கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, உன் பெயர், ஊர் போட்டுப் பதிந்தேன். நம் பக்கம் யார் போனாலும் எல்லோரும் செய்வதுதான். கை அதுவாகச் செய்தது. நம் கூடப் படித்தவர்களுக்கு என்று நினைத்தேனா? ரத்தம் கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேனா? எதையும் நினைக்கவில்லை என்பதுதான் நிஜம். ரத்தம் கேட்டு வைத்த உருண்டை அப்படியே நின்றிருந்தது. நான் பார்க்கவில்லை.

உன் வீட்டுக்கு வந்தேன். வெள்ளைத் துணியில் உன் முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். பெண் என்பதால் என்னை அருகில் விட்டார்கள். ஆண்களில் உன் அத்தா, மாமாமார் என்று நெருங்கிய சிலர்தான் பார்த்தார்கள். பிறகு மூடினார்கள். அந்த நேரம் முழுவதும் என் பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

குவைத்தில் உன் வீட்டுக்காரர் டிக்கெட் கிடைக்காமல் ரூமில் உட்கார்ந்திருந்திருக்கிறார். கூடத் தங்கியிருக்கும் ஒருவர், கடலூர்ப் பக்கத்து ஆள், போனை நீட்டி, "உங்க ஊர்ப் பொண்ணாமே, பாவம், சின்ன வயசு" என்று காட்டியிருக்கிறார். ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்தவர்; அது இவருடைய மனைவி என்று அவருக்குத் தெரியாது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அங்கிருந்து போன் வந்தது. அதை வைத்துவிட்டு உன் அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீதான் படிச்ச புள்ள. எந்தப் பாவி போட்டானோ, என் புள்ள மொகம் ஊரெல்லாம் சுத்துதாம். எடுத்துக் குடும்மா."

"எடுத்துடறேன்மா" என்றேன். உன் வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழித்தேன். என் போனிலிருந்தும் அழித்தேன், அழித்தவை கிடக்கும் இடத்திலிருந்தும் அழித்தேன். வெளியே வந்து "பாத்துட்டிருக்கேன்மா" என்றேன். நான்தான் என்று சொல்லவில்லை.

நான் அழித்ததும், பகிர்ந்தவர்கள் பக்கத்தில் அது மறைந்துபோனது. ஆனால் படத்தை இறக்கித் தனியாகப் போட்டவர்கள் இருந்தார்களே. ஒவ்வொன்றாகத் தேடினேன். பதினொரு பேருக்கு எழுதினேன். ஒருவன் உள்ளூர்ச் செய்திப் பக்கம் நடத்துகிறான்.

"பாசத்துல போட்டதுக்கா. எத்தன பேர் அழுவுறாங்க பாருங்க."

"அவங்க வீட்ல விரும்பல தம்பி."

"நீங்க அவங்களுக்கு யாருக்கா?"

எதை எதையோ தட்டி அழித்துவிட்டு, "படம் எடுத்தவ" என்று எழுதினேன். என்ன புரிந்ததோ, எடுத்துவிட்டான். மற்றவர்களும் எடுத்தார்கள். ஒன்று மட்டும் மிச்சம். சோகப் பாட்டு சேர்த்து, உன் முகத்தின் மேல் மழை பெய்கிற மாதிரி ஒருவன் செய்து வைத்திருக்கிறான். எத்தனை முறை எழுதினாலும் பதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு உரித்தேன். ஐந்தாவதில் சொல்லிவிட்டேன்.

"அந்தப் படத்தப் போட்டது நான்தாம்மா."

அவர் கை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

"எங்க எடுத்த படம்?"

"திருமழபாடில. ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம்."

"அங்க எப்பப் போனா? எங்கிட்ட சொல்லலியே."

"லைப்ரரிக்குப் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வந்தாம்மா."

மன்னித்துக்கொள், காட்டிக்கொடுத்துவிட்டேன். அம்மா "ம்" என்றார். இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தார்.

"தலையில துணி இருக்கா?"

"இல்லம்மா. காத்துல நழுவிடுச்சு."

"காட்டு."

அப்போதுதான் தெரிந்தது, அவர் இதுவரை அதைப் பார்க்கவே இல்லை. ஊரே பார்த்திருக்கிறது. அவருக்குக் காட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. என்னிடமோ படம் இல்லை. இருந்த ஒரே இடம் அந்த மழைதான். திறந்து கொடுத்தேன்.

"பாட்ட நிறுத்து."

நிறுத்தினேன். சத்தமில்லாமல் மூன்று முறை பார்த்தார். வெங்காயக் கையோடு போனைப் பிடித்திருந்தார்.

"எங்கிட்ட இப்படிச் சிரிச்சதே இல்ல" என்றார். பிறகு போனைத் தரையில் குப்புற வைத்தார். "இத எப்படியாவது எடுத்துரு. நீ பண்ணது தப்பு. தெரிஞ்சு பண்ணலங்கறதுக்காகத் தப்பு இல்லாமப் போயிடாது."

"ஆமாம்மா."

"மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லமாட்டேன். அவரு இன்னும் எவனோ போட்டான்னு எவனையோ வைஞ்சுகிட்டு இருக்காரு. நீயே சொல்லு."

கிளம்பும்போது இரண்டு கிலோ வெங்காயம் கட்டிக் கொடுத்தார். கோபமா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். பஸ் குன்னம் வரும்வரை யோசித்தேன், வெங்காயப் பை மடியில் இருந்தது.

ரிஸ்வா, உன் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு முறைதான் பேசியிருக்கிறார், உங்கள் நிக்காஹ் அன்று. "இவள நல்லாப் பாத்துக்குவேன் சிஸ்டர்" என்றார். அவரிடம் எப்படி ஆரம்பிப்பது? அந்த ரூமில், அந்த ஆள் போனை நீட்டிய நிமிஷத்தை நான் கொடுத்தேன் என்று எந்த வார்த்தையில் சொல்வது? மன்னிப்புக் கேட்டால் மன்னிக்க வேண்டிய வேலையையும் அவர் தலையில் கட்டுவதாகாதா? நடந்ததை மட்டும் சொல்லப்போகிறேன். திட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. தொழுகை முடிந்து ரூமுக்கு வந்த பிறகு கூப்பிடுவேன். அந்த ஒரு பதிவையும் விடமாட்டேன். தினமும் எழுதுவேன், எடுக்கும்வரை. இந்தக் கடிதம் அதுவரை எனக்கு மட்டும் என்று பூட்டியே இருக்கும். இதை வேறு யாராவது படித்துக்கொண்டிருந்தால், அவரிடம் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

எட்டு மாதம் மூத்த உன் அக்கா,
தேன்மொழி