மாடிப்படிக்குக் கீழே உருளைக்கிழங்கு

மார்ச் 3
லாரி ஓட்டப் போன மனிதர் ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு வந்து நிற்கிறார். மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு மூட்டை! "மலிவாக் கிடைச்சுது, விட மனசு வரல" என்றார். எங்கே வைப்பது? அதையெல்லாம் யோசித்தால் அவர் என் வீட்டுக்காரரே இல்லையே. மண் போக எல்லாவற்றையும் அலசி, சமையலறை மூலையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் குவித்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

இவர் தங்கை, சின்னவள், இன்றும் அறையை விட்டு வரவில்லை. பார்வை போய் அண்ணன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். ஒரு வகுப்பையே கணக்கால் மிரட்டிக்கொண்டிருந்த டீச்சர், இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

மார்ச் 8
சாப்பாட்டுத் தட்டு தொடாமல் திரும்பி வந்தது.

மார்ச் 12
சமையலறையில் குடலைப் புரட்டும் நாற்றம். எலிதான் செத்திருக்கும் என்று, தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு அலமாரியை எல்லாம் இழுத்துத் தேடினேன். திரும்பினால், வாசற்படியில் சுவரைப் பிடித்தபடி சின்னவள்.

"எலி இல்ல அண்ணி. கிழங்கு அழுகுது. என் ரூம் வரைக்கும் வருது."

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முகர்ந்தாள். குவியலின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். பார்க்க நல்ல கிழங்குதான். அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. சீ!

"கழுவினீங்களா?"

"மண்ணா இருந்துதே..."

"ஐயோ அண்ணி!" என்று சிரித்தாள்.

சிரித்தாள்! இந்தச் சிரிப்புக்காக இன்னொரு மூட்டையைக்கூடக் கழுவலாம்.

மார்ச் 13
ராத்திரி முழுக்கப் போனை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கிழங்குக்கு ஈரம் ஆகாதாம். வெங்காயத்தின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கெடுமாம். ஃபிரிட்ஜில் வைத்தால் தித்திப்பு ஏறிவிடுமாம். வெளிச்சம் பட்டால் பச்சை பாயும், கசக்கும், அது உடம்புக்கும் கெடுதல்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அடைசலைக் காலி செய்தோம். இவர் அந்தச் சின்னக் கதவில் காற்று போக ஓட்டைகள் போட்டார். காய்ந்த கிழங்குகளை மரப்பெட்டிகளில் பரப்பினோம். அடிபட்டவை தனியாக, முதலில் சமைக்க. சின்னவள் பெட்டியைத் தூக்கப் போனதும் இவர் பதறி, "நீ சும்மா இரு பாப்பா, நான் பார்த்துக்குறேன்" என்றார்.

"இத்தனை நாள் சும்மா இருந்தது போதாதாண்ணா?"

இவர் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார்.

மார்ச் 29
குனிந்து உள்ளே போகிறாள், உட்காருகிறாள், பெட்டி பெட்டியாகத் தடவுகிறாள். இன்று நான் லைட்டைப் போட்டதும் சுவிட்சின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். "அணைங்க அண்ணி. வெளிச்சம் கிழங்குக்கு ஆகாது. எனக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். லைட்டை அணைத்தேன்.

"இதுல முளை கிளம்புது, இன்னைக்கே வறுத்திடுங்க" என்று ஒன்றைக் கொடுத்தாள். வெளியே கொண்டுவந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஊசிமுனை அளவு! அந்த விரல்களை என்னவென்று சொல்வது?

"பச்சை மட்டும் எனக்குத் தெரியாது. அது உங்க வேலை." தெரியாததைத் தெரியாது என்று இப்படி நேராகச் சொல்ல எனக்கு வருமா?

ஏப்ரல் 2
பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை பேசினார். "வர்றீங்களாம்மா, இல்ல வேற ஆள் பார்க்கட்டுமா?" இவள் கொஞ்சமும் யோசிக்காமல் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். கத்திட்டேன். "கிழங்கைத் தடவிக்கிட்டே காலத்தை ஓட்டிடலாம்னு பாக்குறியா?"

"போர்டுல எழுத முடியாத டீச்சர் எதுக்கு அண்ணி?"

ஏன் கத்தினேன்? அவ படுற பாடு எனக்குத் தெரியுமா?

ஏப்ரல் 5
மூன்று நாளாகப் பேச்சு இல்லை. ஆனால் பெட்டிகளை மட்டும் விடவில்லை. இன்றும் அழுகிய ஒன்றைக் கண்டுபிடித்து வெளியே வைத்திருந்தாள்.

ஏப்ரல் 6
துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படிக்குக் கீழேயிருந்து அவள் குரல். யாரோடு பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தால், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, காதில் போன். "போர்டுல பசங்க எழுதட்டும் மேடம். நான் வாயால சொல்றேன். ஒரே ஒரு வகுப்பு கொடுத்துப் பாருங்க."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே யோசித்திருக்கிறாள். நான் சத்தமில்லாமல் நகர்ந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20
தலைமை ஆசிரியை ஒப்புக்கொண்ட வகுப்பு இன்று. காலையில் இவர் பள்ளி வாசல்வரை கூடப் போனார். உள்ளே தனியாகத்தான் போவேன் என்றாளாம்.

சாயங்காலம் குரலே இல்லாமல் வந்தாள். வெந்நீர் கொடுத்தேன். "ஒரே இரைச்சல் அண்ணி. எனக்குத் தெரியாதுன்னு ஒருத்தன் பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பி அடிக்கிறான். பெஞ்சு கிரீச்னுது, பிடிச்சுட்டேன்!"

நாளைக்கு டெஸ்ட் வைக்கிறாளாம். பாவம், பிள்ளைகள்.